நிலிசோமா என்றால் படித்தேன்

‘படித்தேன்’ என்ற சொல்லைப் பிரித்துக் காட்டச் சொன்னால், நாமக்கல் மாவட்டத்தின் நாமகிரிப்பேட்டைப் பள்ளியில் இலக்கணம் கற்ற பிள்ளை கரும்பலகையில் இப்படி எழுதும்: படி + த் + த் + ஏன். படி என்பது பகுதி. முதல் ‘த்’ சந்தி, அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை. ‘ஏன்’ தன்மை ஒருமை விகுதி. அரபிக்கடலுக்கு அப்பால், தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் அதே வயதுப் பிள்ளை இதே பொருளைக் கிஸ்வாஹிலி மொழியில் ‘நிலிசோமா’ என்று சொல்லும். அந்தச் சொல்லையும் பிரிக்கலாம். நி + லி + சோம் + ஆ. ‘நி’ என்றால் நான். ‘லி’ இறந்தகாலம் காட்டும். ‘சோம்’ படித்தலைக் குறிக்கும். கடைசி ‘ஆ’ சொல்லை முடித்து வைக்கும் உயிர்.

இரண்டையும் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். தமிழ்ச்சொல்லில் முதலில் செயல் வருகிறது, பிறகு காலம், கடைசியில் ஆள். கிஸ்வாஹிலிச் சொல்லில் முதலில் ஆள், பிறகு காலம், கடைசியில் செயல். உறுப்புகள் அவையேதான். வரிசை மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கிறது. ‘லி’யை எடுத்துவிட்டு ‘ட்ட’ வைத்தால் நிட்டசோமா, படிப்பேன். ‘ன’ வைத்தால் நினசோமா, படிக்கிறேன். முன்னால் இருக்கும் ‘நி’யை எடுத்துவிட்டு ‘வ’ வைத்தால் வலிசோமா, அவர்கள் படித்தார்கள்.

இந்தத் திருப்பம் சொல்லோடு நிற்கவில்லை. ‘நிலிசோமா கிட்டாபு ஷுலேனி’ என்பது ஒரு முழு வாக்கியம். கிட்டாபு புத்தகம், ஷுலேனி பள்ளியில். தமிழில் ‘பள்ளியில் புத்தகம் படித்தேன்’ என்போம். அவர்கள் தொடங்கும் இடத்தில் நாம் முடிக்கிறோம். ‘நல்ல புத்தகம்’ அங்கே புத்தகம் முன்னாலும் நல்ல பின்னாலுமாக ‘கிட்டாபு கிஸூரி’. ‘பிள்ளையின் புத்தகம்’ என்பதிலும் புத்தகமே முதலில், பிள்ளை பிறகு.

இது தற்செயல் இல்லை. ஜோசப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1963இல் முப்பது மொழிகளை வைத்து ஒப்பிட்டு, சொல் வரிசைகள் கூட்டமாகவே பயணம் செய்கின்றன என்று காட்டினார். வினை வாக்கியத்தின் கடைசியில் வரும் மொழிகளில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், உடையவர் பெயர் உடைமைக்கு முன்னால் வருவதும் வழக்கம். வினை செயப்படுபொருளை முந்திக்கொள்ளும் மொழிகளில் பெரும்பாலும் இவை தலைகீழ். தமிழ் முதல் கூட்டத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, கிஸ்வாஹிலி இரண்டாவதற்கு. ஆனாலும் மொழி எந்தச் சட்டத்துக்கும் முழுவதும் அடங்காது. ‘ஷுலேனி’யைப் பாருங்கள்: ஷுலே பள்ளி, ‘னி’ இல். நம் ஏழாம் வேற்றுமை உருபைப் போலவே பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டும் உறவு மொழிகள் அல்ல. கிஸ்வாஹிலி பாண்டு குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் நாலைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய நைஜீரியா, கேமரூன் எல்லைப் பகுதியிலிருந்து கிழக்கும் தெற்குமாகப் பரவியது. மனிதனுக்கு கிஸ்வாஹிலியில் ‘ம்ட்டு’, மனிதர்களுக்கு ‘வாட்டு’. உகாண்டாவின் லுகாண்டா மொழியில் ஓமுண்டு, அபாண்டு. தென்னாப்பிரிக்க ஜூலுவில் உமுண்டு, அபாண்டு. இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான் மொழியியலாளர் வில்ஹெல்ம் பிளீக் 1862இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் இந்த மொழிகளுக்கு ‘பாண்டு’ என்ற பெயரை நிலைநிறுத்தினார். அதற்கு ஆறே ஆண்டு முன்னால், 1856இல், கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டிருந்தார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு குடும்பங்கள், பொருள் தரும் சிறு உறுப்புகளை வரிசையாக ஒட்டிச் சொல் கட்டும் ஒரே உத்தியைத் தனித்தனியாகக் கண்டடைந்திருக்கின்றன. மனித மூளையைப் பற்றி இது சொல்வது கொஞ்சமல்ல.

உலகில் 20 கோடிக்கு மேற்பட்டோர் கிஸ்வாஹிலி பேசுவதாக யுனெஸ்கோ சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தாய்மொழி இல்லை. கற்றுக்கொண்ட மொழி. சோமாலியாவின் தென்கரையிலிருந்து மொசாம்பிக்கின் வடகரை வரை கடலோர மக்களின் மொழியாக இருந்தது, வணிகத்தோடு உள்நாட்டுக்குள் போயிற்று. 1928இல் மொம்பாசாவில் கூடிய மாநாடு சான்சிபார் நகரப் பேச்சைப் பொதுமொழிக்கு அடிப்படையாகத் தேர்ந்தது. விடுதலைக்குப் பிறகு தான்சானியாவின் முதல் தலைவர் ஜூலியஸ் நியரேரே அதை நாட்டின் மொழியாக்கினார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மக்கள் கடைசிவரை அவரை ‘ம்வாலிமு’, அதாவது ஆசிரியர், என்றே அழைத்தார்கள். நாடாளும் வேலைக்கு நடுவே ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைக் கிஸ்வாஹிலியில் பெயர்த்து 1963இலும் 1969இலும் வெளியிட்டார். தம் மொழியால் எதையும் தாங்க முடியும் என்று காட்ட அதைவிட நேரான வழி இருந்திருக்காது.

கென்யாவில் 2023 முதல் ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகள் இளநிலை இடைநிலைப் பள்ளி என்று தனிப் பிரிவாயின. அங்கே கிஸ்வாஹிலி கட்டாயப் பாடம். காது கேளாத பிள்ளைகள் அதற்குப் பதில் கென்யச் சைகை மொழியைப் படிக்கலாம். இது நல்ல ஏற்பாடு. உகாண்டா 2020இல் கொண்டுவந்த புதிய கீழ்நிலை இடைநிலைப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கிஸ்வாஹிலியைக் கட்டாயமாக்கியது. பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள இந்தப் பிள்ளைகளுக்குக் கிஸ்வாஹிலி கற்றுத்தரும் ஆசிரியரை எல்லாவற்றையும்விட அதிகம் படுத்துவது ஒரே ஒரு விஷயம். அதற்கு ‘ங்கேலி’ என்று பெயர்.

ங்கேலி என்பது பெயர்ச்சொல் வகுப்பு. தமிழில் திணையும் பாலும் இருப்பதுபோல அங்கே ஒவ்வொரு பெயரும் ஏதாவதொரு வகுப்பில் பிறக்கிறது. முன்னால் ஒட்டும் அசை அந்த வகுப்பைக் காட்டும். மக்கள் ‘ம், வ’ வகுப்பு: ம்டோட்டோ பிள்ளை, வடோட்டோ பிள்ளைகள். மரங்கள் ‘ம், மி’ வகுப்பு: ம்டி மரம், மிடி மரங்கள். கருவிகளும் பொருள்களும் ‘கி, வி’ வகுப்பு: கிட்டாபு ஒரு புத்தகம், விட்டாபு பல புத்தகங்கள். தண்ணீர் ‘மாஜி’, பால் ‘மஸீவா’, எண்ணெய் ‘மஃபூட்டா’. நீர்மங்கள் பலவும் பன்மைக்குரிய ‘ம’ வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கின்றன. மொழிகளுக்கும் ஒரு வகுப்பு உண்டு. கிஸ்வாஹிலி என்ற பெயரின் முதலில் நிற்கும் ‘கி’ அதுதான். ம்டான்சானியா என்றால் தான்சானியர் ஒருவர், வடான்சானியா பலர், உடான்சானியா தான்சானியத் தன்மை. வேர் ஒன்றே. முன்னால் நிற்கும் ஓர் அசையை மாற்றினால் மனிதர், மக்கள், பண்பு எல்லாம் பிறக்கின்றன.

‘ம்லீமா’ என்றால் மலை. அதையே ‘கி’ வகுப்புக்கு மாற்றினால் ‘கிலீமா’, குன்று. நாமகிரிப்பேட்டையிலிருந்து பார்த்தால் தெரியும் போதமலையை எந்த வகுப்பில் வைப்பது என்று பிள்ளைகளிடம் விட்டால் ஒரு பாடவேளை முழுக்க விவாதம் நடக்கும்.

வகுப்பு பெயரோடு நின்றால் மனப்பாடம் செய்து தப்பித்துவிடலாம். அது வாக்கியம் முழுவதும் ஓடுகிறது. ‘கிட்டாபு கிஸூரி கிமெஆங்கூகா’: நல்ல புத்தகம் விழுந்திருக்கிறது. பல புத்தகங்கள் என்றால் ‘விட்டாபு விஸூரி விமெஆங்கூகா’. பெயரில் கி என்றால் பெயரடையிலும் கி, வினையிலும் கி. பெயர் வி ஆனால் எல்லாம் வி. வாய்விட்டுச் சொல்லும்போது மோனைபோல ஒலிக்கும் இந்த இசைவுதான் அந்த மொழியின் முதுகெலும்பு. அரபியிலிருந்து ‘கிதாப்’ என்ற சொல் வந்து சேர்ந்தபோது அதன் முதலெழுத்து தற்செயலாக ‘கி’யாக இருந்தது. அரபியில் அது வேரின் பகுதி. கிஸ்வாஹிலி பேசியவர்கள் காதில் அது வகுப்பு அசையாக விழுந்தது, உடனே ‘விட்டாபு’ என்று பன்மை செய்துவிட்டார்கள். பின்னாளில் ஆங்கிலேயர் சாலைச் சந்திப்பில் நட்ட ‘கீப் லெஃப்ட்’ பலகைக்கும் இதுவே நடந்தது. ஒரு வட்டச் சந்திப்பு கிப்லெஃப்டி, பல சந்திப்புகள் விப்லெஃப்டி. யாரும் குழு போட்டு முடிவெடுக்கவில்லை. இலக்கணம் பேசுகிறவர்களின் மனதில் உயிரோடு இயங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இதைத் தமிழ்ப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாட்டோடுதான் தொடங்குகிறது. அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், அது வந்தது, அவை வந்தன. பெயரின் வகுப்பு வினையில் எதிரொலிப்பதைத்தான் நாமும் இலக்கணமாகப் படிக்கிறோம். நமக்கு ஐந்து பால். அவர்களுக்கு அதைவிட நிறைய வகுப்பு. ஒன்று மட்டும் அங்கே கிடையாது: ஆண்பால், பெண்பால். ‘அலிசோமா’ என்றால் அவன் படித்தான் என்றும் கொள்ளலாம், அவள் படித்தாள் என்றும் கொள்ளலாம். இன்னொரு வேறுபாடு மாட்டிலும் சிங்கத்திலும் இருக்கிறது. நாம் விலங்கை அஃறிணையில் தள்ளுகிறோம். அவர்களோ, பெயரின் வடிவம் எதுவானாலும், உயிருள்ள விலங்குக்கு மக்களுக்குரிய வினையையே கொடுக்கிறார்கள். கோடு கிழித்த இடம்தான் வேறு.

இங்கே ஒரு செய்தி என்னை உண்மையிலேயே வியக்க வைக்கிறது. நைரோபியின் தெருப்பேச்சில் வகுப்பு இசைவு தளர்ந்துவிட்டது. இளைஞர்கள் பேசும் ‘ஷெங்’ என்ற கலவைமொழியிலும், கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களின் பேச்சிலும் பல வகுப்புகள் சுருங்கிவிட்டன. பள்ளிக்கு வரும் பிள்ளை வீட்டில் பேசியதை அப்படியே எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். நாமகிரிப்பேட்டையிலும் இதேதான். ‘மாடுங்க மேஞ்சுது’ என்று பேசி வளர்ந்த பிள்ளை ‘மாடுகள் மேய்ந்தது’ என்று எழுதும். ஆசிரியர் ‘மேய்ந்தன’ என்று திருத்துவார். ஒருமை பன்மைப் பிழை நீக்குக என்று தேர்வில் கேள்வியே உண்டு. பேச்சு இசைவைக் கைவிட, எழுத்து அதைக் காப்பாற்ற, நடுவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டையும் சுமக்கிறது. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது தவறு. அது தவறு செய்யவில்லை. வேறோர் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றுகிறது. பேச்சின் விதி இது, எழுத்தின் விதி இது என்று இரண்டையும் பலகையில் அருகருகே போட்டுக் காட்டுவதுதான் பாடம் நடத்தும் நேர்மையான வழி.

பிறந்த குழந்தைக்கு இதெல்லாம் கடினமே இல்லை. தென்னாப்பிரிக்காவை அடுத்த லெசோத்தோ நாட்டில் பாண்டு குடும்பத்துச் செசோத்தோ மொழி பேசும் குழந்தைகளை ஆராய்ந்த கேத்தரின் டெமுத், ஏறத்தாழ மூன்று வயதுக்குள் அவர்கள் வகுப்பு இசைவைப் பெரும்பாலும் சரியாகக் கையாள்வதைக் கண்டார். பன்னிரண்டு வயதில் புதிதாகக் கற்பவருக்குத்தான் பட்டியல் தேவைப்படுகிறது. அதிலும் எல்லோருக்கும் ஒரே சுமை இல்லை. உகாண்டாவின் தெற்கே லுகாண்டா பேசும் பிள்ளைக்கு ங்கேலி பழகிய வீடு. தன் மொழியிலேயே அது உண்டு. வடக்கே அச்சோலி பேசும் பிள்ளையின் மொழி நைலோடிக் குடும்பத்தது. அதில் இந்த அமைப்பே கிடையாது. ஒரே வகுப்பறை, ஒரே பாடநூல், ஆனால் இருவர் ஏறவேண்டிய படிகள் வேறு. பிள்ளையின் வாயில் ஏற்கெனவே என்ன இலக்கணம் இருக்கிறது என்று பார்க்காமல் எந்த மொழியையும் கற்றுத்தர முடியாது என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. அந்த வகையில் தமிழ்ப் பிள்ளை பாக்கியசாலி. ஒட்டிக் கட்டும் சொல்லும் தெரியும், வினையில் ஒலிக்கும் பாலும் தெரியும்.

உறவுமுறைக்கு வந்தால் பாடமே தேவையில்லை. ‘பாபா’ அப்பா, ‘ம்டோகோ’ சிறிய. பாபா ம்டோகோ என்றால் சித்தப்பா. ‘ம்குப்வா’ பெரிய, ஆகவே பாபா ம்குப்வா பெரியப்பா. அம்மாவின் தங்கை சின்ன அம்மா, அக்கா பெரிய அம்மா. அப்பாவின் தங்கைக்கும் அம்மாவின் தம்பிக்கும் மட்டும் தனிப் பெயர்: ஷங்காஸி, ம்ஜோம்பா. நம் அத்தையும் மாமாவும். ஆங்கிலத்தின் ஒற்றை ‘அங்கிள்’ இந்த இரு மொழிக்காரர்களுக்கும் போதாது. ஒரே குழப்பம், அம்மாவுக்கு அங்கே ‘மாமா’ என்று பெயர். வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆகும்.

நேரமும் அப்படியே. ‘சா மோஜா’, ஒரு மணி, என்றால் நம் கடிகாரத்தில் காலை ஏழு. சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் ஆயிற்று என்று பொருள். காலை பத்து மணியை நான்கு மணி என்பார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால் இந்தக் கணக்கு பிசகுவதில்லை. நம் தாத்தாக்கள் நாழிகை எண்ணியதும் உதயத்திலிருந்துதான். அவர்களின் நான்கு மணி நமக்குப் பத்து நாழிகை.

ஒலியில் சில மேடு பள்ளங்கள் உண்டு. மாட்டுக்கு ‘ஙோம்பே’ என்று பெயர். தமிழ் அரிச்சுவடியில் ங இருக்கிறது, ஆனால் அதை முதலில் வைத்துச் சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை. ஆடு ‘ம்பூஸி’: அம்பு என்று சொல்லத் தொடங்கி அ-வை விழுங்கிவிட்டால் வந்துவிடும். உண்மையான இடர் வேறிடத்தில். ‘பெறு’ என்பதற்கும் ‘வாத்து’ என்பதற்கும் அங்கே வல்லொலி ப, மெல்லொலி ப என்ற வேறுபாடுதான். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பாட்டா’. எனவே காதால் கேட்டே பழகவேண்டும். வினைக்குள் செயப்படுபொருளையும் சொருகுவார்கள். நிலிகிசோமா என்றால் அதை, அதாவது கி வகுப்பைச் சேர்ந்த அந்தப் பொருளை, நான் படித்தேன். படித்தவர் யார் என்று மட்டும் சொல்லிப் பழகிய தமிழ் வினைக்கு இது புதிது.

நாமகிரிப்பேட்டை மஞ்சளால் பெயர்பெற்ற ஊர். விரலியும் உருண்டையும் ஏலத்துக்கு வரும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது: கிஸ்வாஹிலியில் மஞ்சளுக்கு ‘மன்ஜானோ’ என்று பெயர். நிறத்துக்கும் அதே சொல். ஒலி இவ்வளவு நெருங்குவதால் உடனே உறவு கொண்டாடிவிடக் கூடாது. ஒலி ஒற்றுமை மட்டும் சான்றாகாது, பல சொற்களில் ஒரே முறையான மாற்றம் தெரிய வேண்டும் என்பது ஒப்பிலக்கணத்தின் முதல் விதி. சில ஒற்றுமைகளோ கடன் வாங்கியதால் வந்தவை. ‘மேஸா’ என்றால் மேசை, ‘னனாஸி’ என்றால் அன்னாசி. இவை இரண்டு கரைக்கும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தவை. வாஸ்கோடகாமா 1498இல் மாலிந்தியில் வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் கோழிக்கோட்டுக்கு வந்தார். ‘வகீலி’ வக்கீல், அரபியிலிருந்து. ‘பேஸா’ பணம், நம் பைசா. இந்தியாவிலிருந்து பாய்மரக் கப்பல்களைச் சான்சிபாருக்குத் தள்ளிய வடகிழக்குக் காற்றை அவர்கள் ‘காஸ்காஸி’ என்பார்கள். வடக்குத் திசையின் பெயரும் அதிலிருந்து வந்ததே. நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காரணமான பருவக்காற்று அதுவே.

நாமக்கல், சேலம் மாவட்டங்களில் ஜவ்வரிசிக்காக விளையும் மரவள்ளிக்கு அங்கே ‘முஹோகோ’ என்று பெயர், மர வகுப்பில், பன்மையில் மிஹோகோ. இது அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அவர்கள் கிழங்கோடு நிற்காமல் இலையையும் இடித்து நெடுநேரம் வேகவைத்து, சயனைடு நஞ்சைப் போக்கி, தேங்காய்ப் பாலில் சமைக்கிறார்கள். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் வேலைக்குப் போயிருக்கின்றன. கிணறு கிஸ்வாஹிலியில் ‘கிசீமா’. பல கிணறுகள் என்னவாகும் என்று இதுவரை படித்தவர் தானே சொல்லிவிடுவார்: விசீமா. தமிழகத்தின் தொடர்பு கிணறோடு நிற்கவில்லை: சென்னை ஐஐடி தன் முதல் வெளிநாட்டு வளாகத்தை 2023 நவம்பரில் திறந்ததும் சான்சிபாரில்தான்.

தான்சானியாவில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் பெரும்பாலும் கிஸ்வாஹிலியில் நடக்கின்றன. இடைநிலைக்குப் போனதும் பாடமொழி ஆங்கிலமாக மாறிவிடுகிறது. கணக்கும் அறிவியலும் ஒரே நாளில் அந்நியமாகின்றன. தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போன எவருக்கும் அந்த நாளின் கனம் தெரியும். அந்த ஏற்பாடு பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து.

தமிழகப் பள்ளிகளில் கிஸ்வாஹிலி பாடமாக இல்லை. பாடமாக்கச் சொல்லி இதை எழுதவில்லை. 1954 ஜூலை 7 அன்று நியரேரேயின் கட்சி கிஸ்வாஹிலியை விடுதலைப் போராட்டத்தின் மொழியாக அறிவித்தது. அந்த நாளை உலகக் கிஸ்வாஹிலி நாளாக 2021இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. நமக்கு அது பள்ளி திறந்து சில வாரங்களே ஆன நேரம். தமிழாசிரியர்களே, அன்று இலக்கண வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்குக் கொடுங்கள். ‘படித்தேன்’ என்று பலகையில் எழுதி, அதன் கீழே ‘நிலிசோமா’ என்று எழுதுங்கள். எந்த உறுப்பு எதற்கு நேர் என்று கோடு போட்டுக் காட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.